பேர் மட்டும் வரும்

கோவில்பட்டிப் பக்கம் ஒருவனை "நீ யாருப்பா?" என்று கேட்டால், பேர் கடைசியில்தான் வரும். முதலில் ஊர், அப்புறம் தெரு, தாத்தா, அப்பா. அவன் பேர் வருவதற்குள் கேட்டவருக்கு எட்டயபுரம் பஸ் வந்துவிடும். லினக்ஸ் கம்ப்யூட்டரும் நம்ம ஊர்க்காரன் மாதிரிதான். ‘/வீடு/நிலம்/கரிசக்காடு/பட்டா.பிடிஎஃப்’ என்று பூர்வீகத்தோடுதான் ஃபைல் பேரைச் சொல்லும்.

அந்தப் பூர்வீகத்தை வெட்டிவிட்டு, கடைசிச் சாய்கோட்டுக்கு அப்பால் உள்ளதை மட்டும் தரும் கட்டளைக்கு ‘பேஸ்நேம்’ என்று பேர். 1979-ல் பெல் லேப்ஸ் வெளியிட்ட யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இருந்த பழைய ஆள். கூடவே ‘.பிடிஎஃப்’ என்று கொடுத்தால் அந்த வாலையும் நறுக்கி, ‘பட்டா’ என்று சுத்தமாகக் கொடுக்கும். லீவுக்கு வந்த மகன் இதைக் கற்றுக்கொடுத்துவிட்டுச் சென்னைக்கு ரயிலேறினான். எனக்குக் கை நமநமத்தது.

முதலில் ‘/வீடு/கணக்கு/மளிகை பாக்கி’ என்று அடித்தேன். ‘மளிகை’ என்று மட்டும் வந்தது. பாக்கியைக் காணோம்! கடைக்காரர் தள்ளுபடி செய்துவிட்டதாகவே பூரித்தேன். பேருக்கு நடுவில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறி போட வேண்டுமாம்; இல்லாவிட்டால் இரண்டாவது சொல்லை நறுக்க வேண்டிய வால் என்று எடுத்துக்கொள்ளுமாம். கடைக்காரருக்கு அந்த விதி தெரியவில்லை.

புரட்டாசியில் மானாவாரி உளுந்து விதைத்தோம். "ஏங்க, பயிர் இன்சூரன்ஸ் கட்டணும். பட்டா நகல் கம்ப்யூட்டர்ல இருக்கா?" என்றாள் வீட்டுக்காரி. முழு விலாசத்தையும் அடித்தேன். ‘பட்டா.பிடிஎஃப்’ என்றது. "பத்திரமா இருக்கு" என்றேன். மறுநாள் பார்த்தால் ஃபைலே இல்லை. நான் எப்போதோ அழித்திருக்கிறேன்.

போனில் மகன் சிரித்தான்: "அப்பா, அது டிஸ்க்கை எட்டிக்கூடப் பார்க்காது. நீங்க அடிக்கிற எழுத்தை வெட்டித் தரும், அவ்வளவுதான். ‘/வீடு/பீரோ/ஒட்டியாணம்’னு அடிங்க, ஒட்டியாணம்னு சொல்லும்."

பக்கத்தில் நின்றவள் காதில் அது விழுந்துவிட்டது. "கல்யாணமாகி முப்பது வருசமா நீங்களும் அதத்தான சொல்லுறீக. பேரு மட்டும் வருது, ஒட்டியாணத்தக் காணோம்."

ஃபைல் உண்மையில் இருக்கிறதா என்று பார்க்க ‘எல்எஸ்’ என்று வேறொரு கட்டளை இருக்கிறது. அதைப் படித்து முடிப்பதற்குள் பட்டாவின் அசலே மேஜைக்கு வந்துவிட்டது. அரிசிப் பானைக்குப் பின்னால், தகரப் பெட்டியில் இருந்ததாம். வைத்தவள் அவள்.