கல்யாணம் இல்லை, சீர்வரிசை உண்டு

கேள்வி: ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, பிறகு எப்படி வைரஸ்கள் மரபணுக்களைக் கலந்து புதுப் பிள்ளை பெறுகின்றன?

பதில்: கல்யாணம் இல்லாவிட்டாலும் சீர்வரிசையை மாற்றிக்கொள்ளத் தடையில்லை என்பதற்குச் செம்மறியாடுகளைத் தாக்கும் நீலநாக்கு நோய் வைரஸே சான்று. அதன் மரபுப்பொருள், ஒன்றோடொன்று பொருந்திய இரு இழைகளாலான ஆர்.என்.ஏ.; அதுவும் ஒரே நீளமாக இல்லாமல் 10 துண்டுகளாக இருக்கிறது. இருவேறு நீலநாக்கு வைரஸ்கள் ஆட்டிலோ, கொசுவினும் சிறியதாய் நோயைப் பரப்பும் கியூலிகாய்டிஸ் பூச்சியிலோ ஒரே உயிரணுவுக்குள் புகுந்துவிட்டால், அங்கே உருவாகும் வைரஸ் சில துண்டுகளை ஒன்றிடமும் மற்றவற்றை இன்னொன்றிடமும் பெற்றுக்கொள்ளும். இதுவே துண்டுக் கலப்பு எனப்படுகிறது. கணக்குப்படி 1,024 சேர்க்கைகள் அமையலாம். பெற்றோரை உரித்து வைத்த இரண்டைக் கழித்தால் 1,022 புதியவை. எல்லாமே பிழைப்பதில்லை என்பது ஆடுகளுக்குச் சற்று ஆறுதல்.

ஒரு துண்டே நடுவில் அறுந்து மற்றொன்றோடு ஒட்டுவது மட்டும் அரிது. ஏனெனில் இரட்டை இழை தன் புரதக் கூட்டை விட்டு வெளியே வராமல், நகல்களை மட்டும் அனுப்பிவிட்டு, உயிரணுவின் காவல் புரதங்களுக்குத் தப்பி உள்ளேயே பதுங்கியிருக்கிறது.

வெளியுறைப் புரதத்துக்குரிய துண்டு மாறினால் பழைய தடுப்பூசி பலிக்காமல் போகலாம் என்பதால், பல வகைகளுக்கும் சேர்த்தே தடுப்பூசி தயாரிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் ஆடு வளர்ப்போர் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அதைப் போட்டுவிடுவது நல்லது, ஆடுகளுக்குத்தான்!