சசூன் என்பது ஆள் பெயர்

புனே ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து, ஆட்டோவில் ஏறி "சசூன்" என்று சொல்லிப் பாருங்கள். நடக்கிற தூரம்தான். ஆனாலும், வேறு எங்கே போகச் சொன்னாலும் பேரத்துக்கு நிற்கிற ஆட்டோக்காரர் இதற்கு வாயைத் திறக்கமாட்டார். கண்ணாடியில் நம் முகத்தை ஒரு தடவை பார்ப்பார்: நோயாளியா, நோயாளிக்குச் சோற்றுத்தூக்கு கொண்டுபோகிறவரா? நம்மூரில் "ஜி.ஹெச்சுக்குத் தூக்கிட்டுப் போ" என்றால் வயிற்றில் என்ன கலக்குமோ, அதுவே அங்கே சசூன் ஆஸ்பத்திரி என்றால் கலக்கும்.

அது ஓர் ஆளின் பெயர் என்பது அந்த ஊரில் பலருக்கு மறந்தே போய்விட்டது. "அந்த ஷாம்பூ கம்பெனிக்காரர் கட்டினதுதானே?" என்று என்னிடம் ஒருவர் கேட்டார். இல்லை சுவாமி, அவர் லண்டனில் முடி வெட்டியவர். இவர் பாக்தாத்காரர். இவரும் தலையைத் தடவித்தான் சம்பாதித்தார் என்றாலும், தடவப்பட்டவை சீனர்களின் தலைகள்.

டேவிட் சசூன் பிறந்தது 1792-ல். யூதர். அப்பா சாலே, பாக்தாத் பாஷாக்களுக்குக் கஜானா பார்த்தவர். பாஷா மாறினால் கஜானாக்காரரின் கழுத்துக்கும் உத்தரவாதம் போய்விடும், அப்படி ஒரு உத்தியோகம். தாவூத் பாஷா என்பவர் கெடுபிடியைக் கூட்டியதும் பிள்ளை ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி, பாரசீகத்தின் புஷேர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கி மடிப்பில் முத்துகளை வைத்துத் தைத்துக்கொண்டு ஓடினாராம், குடும்பத்தில் சொல்கிற கதை. பெரிய பணக்காரர்கள் எல்லாருமே வெறுங்கையோடுதான் வந்திருக்கிறார்கள். மடிப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

1832 வாக்கில் பம்பாய்க்கு வந்தார். இங்கிலீஷ் வராது. தலைப்பாகையையும் நீள அங்கியையும் கடைசிவரை விடவில்லை. 1853-ல் பிரிட்டிஷ் பிரஜை ஆனபோதுகூட ராணிக்கு விசுவாசம் தெரிவித்துப் போட்ட கையெழுத்து ஹீப்ருவில்தான். எட்டு ஆண் பிள்ளைகள். நமக்கு எட்டுப் பிள்ளை என்றால் எட்டுப் பாகம், பத்து வழக்கு. அவருக்கு அது எட்டுக் கிளை திறப்பதற்கான ஆள்பலம். 1842-ல் நான்கிங் ஒப்பந்தப்படி சீனத் துறைமுகங்கள் திறந்தன. 1844-லேயே எலியாஸ் என்ற மகனைக் கப்பலேற்றிவிட்டார்.

என்ன வியாபாரம் என்கிறீர்களா? பஞ்சு, துணி எல்லாம் உண்டு. ஆனால் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது கசகசா. நாம் அதை அரைத்துக் குருமாவில் ஊற்றுவதோடு நிறுத்திக்கொண்டோம். மால்வா பக்கத்தில் அதன் காயைக் கீறி, வடிகிற பாலைச் சுரண்டி, உருட்டி, பெட்டியில் அடைத்தார்கள். அதுதான் அபின். சீனப் பேரரசர் வேண்டாம் என்றார். பிரிட்டன் பீரங்கியோடு போய், வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்றது, ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக. இந்த உபசாரத்துக்குப் பெயர் சுதந்திர வர்த்தகம்.

டேவிட் ஐயாவை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியே அபினை ஏலம் போட்டு விற்ற காலம் அது. பம்பாயின் பெரிய மனிதர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் செய்ததும் அதே தொழில்தான். புனேயில் ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டப் பணம் கொடுத்தவரும் அவரேதான். ஆக, புனேக்காரர்கள் குடித்த தண்ணீரிலும், விழுங்கிய மருந்திலும் கசகசாவுக்குப் பங்கு உண்டு.

நம் செட்டியார்கள் வியாபாரத்தில் மகமை என்று கோயிலுக்கு எடுத்துவைப்பார்களே, அதே மாதிரி சசூன் கணக்கிலும் தர்மத்துக்கென்று ஒரு பங்கு தவறாமல் ஒதுங்கும். ஷாங்காயில் ஒருவன் சுருண்டு படுத்தால் புனேயில் ஒருவனுக்குக் கட்டில் தயாராகும். சித்திரகுப்தன் இந்தப் பேரேட்டை எப்படி நேர் செய்திருப்பான் என்று யோசித்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. அவனுக்கும் சுற்றியிருக்கும்.

புனேயின் குளிர்ச்சி பிடித்துப்போய் டேவிட் அங்கே ஒரு மாளிகை கட்டிக்கொண்டார். மாளிகை, அவர் பணத்தில் எழுந்த ஜெப ஆலயம், ஆஸ்பத்திரி மூன்றுக்கும் கட்டடக்காரர் ஒருவரே: ஹென்றி வில்கின்ஸ் என்ற ராணுவப் பொறியாளர். ராணுவக்காரருக்கு ஜெப ஆலயம் கட்டத் தெரியுமா? தெரிந்ததைக் கட்டினார். செங்கல் சிவப்பில், தொண்ணூறு அடிக் கோபுரமும் கடிகாரமுமாக, சாட்சாத் இங்கிலீஷ் சர்ச். யூதர்கள் உள்ளே போய் ஹீப்ருவில் பிரார்த்தித்தார்கள். வெளியே நின்று பார்த்த மராட்டியர்கள் "லால் தேவுள்", சிவப்புக் கோயில், என்று பெயர் வைத்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். இன்றைக்கும் கேம்ப் பகுதியில் அந்தப் பெயரைச் சொன்னால்தான் வழி காட்டுவார்கள்.

ஆலயமும் ஆஸ்பத்திரியும் முடிந்தது 1867-ல். டேவிட் 1864 நவம்பரிலேயே புனேயில் காலமாகிவிட்டார். சொந்த ஆஸ்பத்திரியில் படுக்கும் பாக்கியம் இல்லை. சிவப்புக் கோபுரத்துக்குப் பக்கத்தில் கல்லறை. மூத்த மகன் அப்துல்லா, ஆல்பர்ட் ஆகி, பிறகு சர் ஆல்பர்ட் ஆகி, இங்கிலாந்துக்குக் குடிபோனார். டேவிட்டின் கொள்ளுப்பேரன் சீக்ஃப்ரீட் முதல் உலகப் போரைத் திட்டிக் கவிதை எழுதினார்.

ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளிகளிலேயே பெரிய நோயாளி வந்தது 1924 ஜனவரி 12. ஏரவாடா சிறையிலிருந்து காந்தியைக் கொண்டுவந்தார்கள். குடல்வால் வீக்கம். உடனே அறுக்க வேண்டும். 'ஹிந்த் ஸ்வராஜ்' நூலில் டாக்டர்களையும் ஆஸ்பத்திரிகளையும் பாவத்தின் விளைநிலம் என்கிற அளவுக்கு விளாசியவர், அபினை எதிர்த்துப் பிரசாரம் செய்தவர், அபின் காசில் எழுந்த ஆஸ்பத்திரியில், வெள்ளைக்கார கர்னல் மேடக்கின் கத்திக்குக் கீழே படுத்திருக்கிறார். விதி இதைவிடக் கச்சிதமாக நக்கல் அடிக்க முடியாது.

அரசாங்கத்துக்குத்தான் உதறல். கத்தி தவறினால் நாடே எரியும். பம்பாய் டாக்டர்கள் வந்துசேர நேரமில்லை. காந்தி யாரைக் கூப்பிடச் சொன்னார் தெரியுமா? நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியை. இந்திய ஊழியர் சங்கத் தலைவராகப் புனேயிலேயே இருந்தவர். ஒத்துழையாமையில் காந்தியோடு ஒத்துப்போகாதவர். சீமைச் சபைகளை மயக்கிய ஆங்கிலத்தை அன்று ராத்திரி சாஸ்திரியார் ஒரு சம்மதக் கடிதத்துக்குச் செலவழித்தார். காந்தி சொல்லச் சொல்ல அவர் எழுதினார்: டாக்டரிடம் முழு நம்பிக்கை உண்டு, என்ன ஆனாலும் யாரும் கிளர்ச்சி செய்யக்கூடாது என்று. காந்தி முழங்காலை மடக்கி அதன்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் கையெழுத்துப் போட்டார். கை எப்படி நடுங்குகிறது பாருங்கள், இதைச் சரி செய்துவிடுங்கள் என்று கர்னலிடம் வேடிக்கையாகச் சொன்னார்.

வயிற்றைத் திறந்த பிறகு இடிமழையில் மின்சாரம் போய்விட்டது. நர்ஸ் ஒருவர் டார்ச் பிடித்தார், அதுவும் அணைந்தது. கடைசியில் ஓர் அரிக்கேன் விளக்கு வந்தது. சூரியன் அஸ்தமிக்காத சாம்ராஜ்யம் மண்ணெண்ணெய் வெளிச்சத்தில் மகாத்மாவைத் தைத்து முடித்தது.

பிப்ரவரி 5-ஆம் தேதி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும்போதே, தண்டனை பாக்கியைத் தள்ளுபடி செய்து விடுதலை செய்தார்கள். நோயைக் காட்டி விடுதலையா என்று காந்திக்கு வருத்தம். உடம்பு தேறியதும் பம்பாய்ப் பக்கம் ஜூஹு கடற்கரைக்குக் கிளம்பினார், குடல்வாலைச் சசூனிலேயே விட்டுவிட்டு.