திருநீர்மலையிலிருந்து உலகைக் காப்பாற்றுவது எப்படி?

வெளிநாடு போய்ச் சேவை செய்வது என்று முடிவெடுத்துவிட்டீர்கள். ரொம்ப சந்தோஷம். முதல் விதி: காப்பாற்றப்படுகிறவர்களுக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு கடலாவது இருக்க வேண்டும். கடல் வசதிப்படாவிட்டால் இமயமலையாவது குறுக்கே நிற்க வேண்டும். நாகல்கேணியில் தோல் தொழிற்சாலைக் கழிவு இறங்கிய கிணறுகள், பல்லாவரம் பெரிய ஏரியின் குப்பை, மழை வந்தால் முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் துன்பம்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் ஷேர் ஆட்டோவில் போய்ச் சேரக்கூடிய துன்பத்துக்கு மரியாதை கிடையாது. 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டி, அடையாறு கரை தாண்டி வீடுகளுக்குள் வந்தபோது, இடுப்பளவு தண்ணீரில் பால் பாக்கெட்டைத் தலையில் வைத்துக்கொண்டு போன பையன்களை யாராவது ‘மனிதாபிமானப் பணியாளர்’ என்று சொன்னார்களா? “சனியனே, காய்ச்சல் வரப்போகுது, வீட்டுக்கு வந்து தொலை” என்றுதான் சொன்னார்கள்.

உலகத்துக்குக் கிளம்ப நம்மூர் தோதான இடம். மலைக்கோயில் படியேறி மேலே நின்றால் மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவதும் ஏறுவதும் கண்ணில் படும். அதில் ஒன்றில் நாமும் என்ற எண்ணம் வராதவன் இந்தக் காற்றை வாங்கியவன் இல்லை. காத்திருப்பதற்கும் இங்கே முன்னுதாரணம் உண்டு. மலையைச் சுற்றித் தண்ணீர் நின்றதால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து, வடிந்த பிறகுதான் பெருமாளைச் சேவித்தார் என்பது தலபுராணம். விசா விஷயத்தில் இந்தக் கதை உங்களுக்குத் தெம்பு தரும். பெருமாளே இங்கே நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் நான்கு கோலத்தில் சேவை சாதிக்கிறார். விசா விண்ணப்ப மையத்தில் உங்களுக்கும் நான்கும் வாய்க்கும்.

எந்த நாடு, என்ன வேலை?

இதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. நேபாளம், கென்யா, கம்போடியா, பாலி என்று நாடு நாடாகப் படம் போட்டிருப்பார்கள். யானை குளிப்பாட்டலாம், ஆமை முட்டை பொறுக்கலாம், பள்ளிக்கூடத்துக்குச் சுவர் எழுப்பலாம். (சொந்த வீட்டில் ஒட்டடை அடிக்காதவர்களுக்குச் சுவர் எழுப்பும் வேலையைத் தருவதில் இவர்களுக்குத் தயக்கமே இல்லை.) வாரத்துக்கு இத்தனை நூறு டாலர் என்று கட்டணம். நீங்கள் வேலை செய்யவும் வேண்டும், பணம் கட்டவும் வேண்டும்.

காசு கொடுத்து வேலை வாங்குவது நமக்கு ஒன்றும் புதிதில்லை. ஆனால் அதில் பிற்பாடு சம்பளம் வரும், பென்ஷன் வரும், பெண் கொடுப்பார்கள். இதில் வருவது ஒரு டீ-ஷர்ட், ஒரு சான்றிதழ், விமான நிலையத்தில் உங்கள் பெயரைத் தப்பாக எழுதிய அட்டையோடு ஒரு டிரைவர். கட்டுகிற பணத்தில் பெரும்பகுதி உங்கள் சாப்பாடு, தங்கும் இடம், கம்பெனியின் விளம்பரம் என்று போய்விடும். ஊருக்கு என்ன போகிறது என்று கேட்டால், “அனுபவத்துக்கு விலை போட முடியுமா சார்” என்பார்கள். விலை ஏற்கெனவே போட்டாகிவிட்டது.

ஒன்றே ஒன்றை மட்டும் விளையாட்டாகச் சொல்ல மனம் வரவில்லை. அநாதை இல்லத்தில் இரண்டு வாரம் குழந்தைகளோடு இருப்பது என்ற திட்டத்தைத் தொடாதீர்கள். கம்போடியாவில் அப்படிப்பட்ட இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். பார்க்க வருகிற வெள்ளைக்காரர் கூட்டம் பெருகப் பெருக இல்லங்களும் பெருகின. இல்லத்தை நிரப்பக் கிராமங்களிலிருந்து, படிக்க வைக்கிறோம் என்று சொல்லிப் பிள்ளைகளைக் கூட்டி வந்தார்கள். ஆஸ்திரேலியா 2018-ல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது இப்படிப் பிள்ளை சேர்ப்பதையும் அந்தக் கணக்கில் வைத்துப் பேசியது. நீங்கள் கட்டிப்பிடித்துக் கொஞ்சிவிட்டுப் பதினைந்தாம் நாள் கிளம்புவீர்கள். அடுத்த திங்கட்கிழமை வேறொருவர் வந்து கட்டிப்பிடிப்பார். அந்தக் குழந்தைக்கு இது ஷிப்ட் முறை.

உங்களுக்கு என்ன தெரியும்?

கட்டணம் வாங்காமல், டிக்கெட்டும் போட்டு, சம்பளமும் தருகிறவர்கள் இருக்கிறார்கள். 1971-ல் பாரிசில் தொடங்கிய ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அப்படித்தான் ஆள் எடுக்கிறார்கள். பெயரில் மருத்துவர் இருந்தாலும் நர்ஸ், லேப் டெக்னீஷியன், கணக்காளர், மெக்கானிக், குடிநீர்-கழிவறை வேலை தெரிந்தவர், கிடங்கு பார்க்கிறவர் எல்லாரும் வேண்டும். ஜெர்மனியின் பான் நகரிலிருந்து நடக்கிற ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் மாதப் படி உண்டு, விமான டிக்கெட் உண்டு, மருத்துவக் காப்பீடு உண்டு. நிபுணர் பிரிவுக்கு 27 வயதாவது ஆகியிருக்க வேண்டும். அதற்குக் கீழே இளைஞர் பிரிவு தனி.

இங்கேதான் சிக்கல். இவர்களுடைய விண்ணப்பத்தில் ‘நல்ல மனசு’ என்று ஒரு கட்டம் இருக்காது. என்ன வேலை தெரியும், எத்தனை வருடம் செய்தாய், என்ன மொழி பேசுவாய் என்றுதான் கேட்பார்கள். இன்ஜினீயரிங் முடித்து அரியர் எழுதிக்கொண்டிருக்கும் நமக்கு நியாயமாகவே கோபம் வரும். மனிதகுலத்தின் மீது அன்பு என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறோம், அதைப் படிக்காமல் ஜெனரேட்டர் ரிப்பேர் தெரியுமா என்று கேட்டால்?

ஆகவே கொஞ்சம் அக்கம்பக்கம் பாருங்கள். தாம்பரத்து ஆஸ்பத்திரியில் ஐந்து வருடமாக நைட் டியூட்டி பார்க்கிற பம்மல் நர்ஸ் அக்கா. போர்வெல் மோட்டாரைக் காதில் கேட்டே என்ன கோளாறு என்று சொல்கிற மெக்கானிக். முகூர்த்த நாளில் ஆயிரம் பேருக்கு மூன்று வேளைப் பந்தி, காய் எங்கே, கேஸ் எங்கே, வண்டி எங்கே என்று போனிலேயே நடத்துகிற சமையல் கான்ட்ராக்டர். அகதி முகாமுக்கு வேண்டிய ஆட்கள் இவர்கள்தான். இவர்கள் யாருக்கும் உலகைக் காப்பாற்றும் உத்தேசம் இல்லை என்பது வருத்தமான விஷயம். அவர்களுக்கு நாளைக்கு டியூட்டி இருக்கிறது.

நம்பாதவர்களுக்கு ஒரு பழைய கதை. 1950 நவம்பரில் கொரியப் போருக்கு இந்தியா துப்பாக்கி அனுப்பவில்லை, 60-வது பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பியது. தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், இனிஷியலில் முதல் எழுத்து ஆற்காடு. போன கொஞ்ச நாளிலேயே பியாங்யாங்கை விட்டு எல்லாரும் பின்வாங்க வேண்டியதாயிற்று. மருத்துவச் சாமான்களை ஏற்ற வண்டி இல்லை. விட்டுவிட்டு வரச் சொன்னார்கள். இவர்கள் கேட்கவில்லை. கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு நீராவி எஞ்சினைத் தேடிப் பிடித்து, வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கொதிகலனை நிரப்பி, படையிலேயே ரயில் ஓட்டத் தெரிந்தவர்கள் ஓட்ட, ஆற்றுப் பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்படும் முன்னே கடந்து வந்து சேர்ந்தார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. ரயில் எஞ்சினுக்கு வாளியில் தண்ணீர் ஊற்றும் பாடம் எந்தத் தன்னார்வலர் பயிற்சி முகாமிலும் இருப்பதாகத் தெரியவில்லை.

பிரெஞ்சு தெரிந்தால் ஆப்பிரிக்க நாடுகளுக்கு வாய்ப்பு கூடும். நுங்கம்பாக்கத்தில் அல்லியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. பல்லாவரத்தில் ரயில் ஏறினால் நுங்கம்பாக்கம்தான். வகுப்பு முடிந்து திரும்பும் மாலை ரயிலில் நின்றுகொண்டே வினைச்சொல் மனப்பாடம் செய்யலாம். கூட்டத்தில் வாய் மட்டும்தான் அசையும்.

பணம்

பாஸ்போர்ட்டில் ஆரம்பியுங்கள். தாம்பரத்திலேயே சேவா கேந்திரம் உண்டு. சாதாரண 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய். இந்தப் பயணத்தில் விலை தெளிவாகத் தெரிந்த கடைசிப் பொருள் அதுதான். பெரிய முதுகுப் பை, மலையேறும் பூட்ஸ் எல்லாம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தேடுங்கள். இரண்டாம் கை சாமான் என்பதால், இதற்கு முன்பே எங்கோ சேவை செய்துவிட்டு வந்த தோற்றம் இலவசமாகக் கிடைக்கும்.

மிச்சத்துக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் நண்பர்களிடம் நிதி திரட்டுகிறார்கள். நம் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டுப் பாருங்கள். காலை வணக்கம் ரோஜாப்பூ பதினான்கு வரும், பணம் வராது, பெரியப்பா மட்டும் தனியாகக் கூப்பிட்டு, “அங்க நிரந்தரமா இருக்க வழி இருக்காப்பா?” என்று கேட்பார். அதைவிட நம்பகமானது புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்து. கறிச் சோறு போட்டு நோட்டைத் திறந்து வைத்தால் ஒரே நாளில் லட்சக்கணக்கில் வசூலாகும். திருப்பிச் செய்ய வேண்டும் என்பது ஒன்றுதான் கஷ்டம். மனிதகுலத்துக்குச் செய்த உதவிக்கு அடுத்த பத்து ஆடி மாதங்கள் தவணை கட்டுவீர்கள்.

அம்மாவின் வளையலை வைத்துக் கட்டணம் கட்டி, இரண்டு வாரம் ஆமை முட்டை பொறுக்கலாமா என்று கேட்டு நிறையப் பேர் வருகிறார்கள். அம்மாவிடமே கேளுங்கள். நான் சொன்னால் நன்றாக இருக்காது.

விசா

ஐரோப்பியப் பிள்ளை தோளில் பையை மாட்டிக்கொண்டு உதவப் போகிறேன் என்று கிளம்பினால் பாதி நாடுகளில் விமான நிலையத்திலேயே முத்திரை குத்தி உள்ளே விடுவார்கள். நீங்கள் அதே பையோடு அதே வார்த்தையைச் சொன்னால், உதவி கேட்டு வந்தவரைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள். ஆறு மாத பேங்க் ஸ்டேட்மெண்ட், அப்பாவின் வருமான வரிக் கணக்கு, நீங்கள் கண்டிப்பாகத் திரும்பி வந்துவிடுவீர்கள் என்பதற்குச் சாட்சியாகச் சொந்த வீடு, சொந்த நிலம், முடிந்தால் சொந்த மனைவி. திருநீர்மலையில் வாடகை வீட்டில் இருக்கும் இருபத்து நாலு வயது பிரம்மச்சாரியின் கருணையைச் சந்தேகிக்காத தூதரகம் கிடையாது. சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்று ஏஜெண்ட் சொல்வார். பல நாடுகளில் கேட்பார்கள், சம்பளமில்லாத வேலையாக இருந்தாலும். அப்போது ஏஜெண்ட் போனை எடுக்க மாட்டார்.

ஏஜெண்ட் என்றதும் இன்னொன்று. நீல எழுத்தில் ஐ.நா. முத்திரை போட்டுக் கடிதம் வரும்: தேர்வாகிவிட்டீர்கள், செயலாக்கக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள். ஐ.நா. ஆள் சேர்ப்பில் எந்தக் கட்டத்திலும் காசு வாங்குவதில்லை. கேட்டால் அது ஐ.நா. இல்லை, அவ்வளவுதான். நேர்மாறாக, எல்லாம் இலவசம், டிக்கெட் நாங்களே போடுகிறோம், தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று வந்தால் இன்னும் பயப்படுங்கள். 2022-ல் மியான்மரின் மியாவாடியிலிருந்து மீட்டுச் சென்னைக்குக் கொண்டுவரப்பட்ட நம் பையன்கள் அப்படிப் போனவர்கள்தான். இணைய மோசடி செய்யச் சொல்லி அடைத்து வைத்திருந்தார்கள். வேலைக்கு அனுப்புகிற ஏஜெண்ட் மத்திய அரசில் பதிவு செய்திருக்க வேண்டும், 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தாண்டி வாங்கக் கூடாது. பதிவு உண்டா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம். இந்த ஒரு பத்தியை மட்டும் தம்பிமார்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

வந்தவர்களைப் பார்த்துக் கற்பது

பெறுகிற இடத்தில் நாமும் இருந்திருக்கிறோம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு லாரி லாரியாகப் பழந்துணி வந்தது. கடலோரத்துக்காரர்கள் அதைத் தொடவில்லை. அடுத்தவர் உடுத்திப் போட்டதை ஏன் உடுத்த வேண்டும்? சாலையோரம் குவியல் குவியலாக மழையில் நனைந்து கிடந்தது. 2015-ல் சென்னைக்கு வந்த நிவாரணப் பொட்டலங்களில் யார் படத்தை ஒட்டுவது என்று தகராறு நடந்தபோது, காசிமேட்டுப் பக்கமிருந்து படகைக் கொண்டுவந்து மாடியில் நின்றவர்களை இறக்கியவர்கள் மீனவர்கள். அவர்கள் ஸ்டிக்கர் எதுவும் கொண்டுவரவில்லை, படகு ஓட்டத் தெரிந்திருந்தது.

தாம்பரம் சானடோரியத்தில் தினம் இறங்குகிறோம். அந்தக் காசநோய் மருத்துவமனையை 1928-ல் தொடங்கிய டாக்டர் சவுரிமுத்து அதற்கு முன்னால் இங்கிலாந்தில், மென்டிப் மலைப்பக்கம், வெள்ளைக்காரர்களின் நுரையீரலுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர். கணித மேதை ராமானுஜனும் அங்கே அவரிடம் நோயாளியாக இருந்தார். வெளிநாட்டில் சேவை என்றால் அதைச் சொல்லலாம். அவர் யாருக்கும் வாரக் கட்டணம் கட்டியதாகத் தெரியவில்லை. நோயாளிகள்தான் அவருக்குக் கட்டினார்கள்.

கடைசியாகச் சில உருப்படியான விஷயங்கள். பல ஆப்பிரிக்க நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், ஆகவே முந்தின நாள் போய் நிற்காதீர்கள். பருப்புப் பொடிக்கு இடம் ஒதுக்குங்கள், ஊறுகாயை இரண்டு கவரில் போடுங்கள். பக்கத்து வீட்டு அக்கா, “தம்பி வெளிநாடு போறாப்லயாமே, சம்பளம் எவ்ளோ?” என்று அம்மாவிடம் கேட்பார். இதற்கு வீட்டில் எல்லாரும் ஒரே பதிலை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அப்பா ஒரு தொகையும் அம்மா வேறொரு தொகையும் சொல்லித் தொலைத்தால், திரும்பி வரும்போது உங்களுக்காகப் பேசி வைத்திருக்கும் பெண் வீட்டார் எதை நம்புவார்கள்?