சாப்பாடு போட்டாங்களா?

பாரிசில் வருசத்துக்கு ஒரு நாள் ஊரே தெருவில் இறங்கிப் பாடுகிறதாம், டிக்கெட்டே கிடையாதாம் என்று ரேடியோவில் கேட்ட, மலேசியாவின் புந்தோங்கில் இருக்கும் அக்கா, அன்றைக்கே தம்பிக்கு வாட்ஸ்அப்பில் மூன்று கேள்வி அனுப்பினார். "ஓசிக் கச்சேரியாமே? நீ போனியா? சாப்பாடு போட்டாங்களா?"

தம்பிக்கு ஐம்பது வயது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, ஈப்போவில் வளர்ந்து, பதினோரு வருசமாகப் பாரிசின் வடக்கு மூலையில் ஐந்தாம் மாடியில் குடியிருப்பவர். ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். அவரோ நாலு பக்கக் கடுதாசி எழுதினார். அதில் முதல் இரண்டு பக்கமும் மிக்சியைப் பற்றியது.

பிரான்சில் இரவு பத்து மணி முதல் காலை ஏழு வரை அக்கம்பக்கத்தார் தூக்கத்தைக் கெடுப்பது குற்றம். அபராதம் 68 யூரோ. மலேசிய வெள்ளியில் முந்நூறுக்கு மேல். சத்தத்தை அளக்கக் கருவிகூட வேண்டாம், வந்து நிற்கும் போலீஸ்காரரின் காதே போதும். ஆகவே அவர் வீட்டுத் தேங்காய்ச் சட்னி ஒன்பது ஐம்பதுக்குள் அரைபட்டாக வேண்டும். ஒருநாள் ஒன்பது ஐம்பத்தெட்டுக்குத் துணிந்து ஆரம்பித்து, பத்தானதும் கையை எடுத்துவிட்டு, அரையாமல் நின்றதற்குத் 'துவையல்' என்று பேர் மாற்றிச் சாப்பிட்டிருக்கிறார்.

கண்காணிப்பது கீழ்வீட்டு அம்மாள். அவருக்குக் கூரை எதுவோ அதுதான் இவருக்குத் தரை. துடைப்பக்கட்டையால் ஒரு குத்து விழுந்தால் மிக்சி, இரண்டு விழுந்தால் குக்கர் விசில், மூன்று விழுந்தால் அக்காவோடு வீடியோ கால். கோடையில் பாரிசில் இரவு பத்து என்றால் புந்தோங்கில் விடிகாலை நாலு. தோட்டம் போய் எத்தனையோ வருசமாகியும், விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எழுந்த பழக்கம் அக்காவை விடவில்லை. பாரிஸ் தூரம், அதனால் கத்தித்தான் பேச வேண்டும் என்ற நம்பிக்கையும் விடவில்லை.

இதில் பெரிய கொடுமை, ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைவதே கிட்டத்தட்ட பத்து மணிக்குத்தான். வெளிச்சம் இருக்கும்போதே ராத்திரிச் சட்டம் வந்துவிடுகிறது.

மிக்சிக்கே இந்த நிலை என்றால், அலமாரி மேல் கைலியில் சுற்றிக் கிடந்த உறுமியின் கதியைச் சொல்ல வேண்டாம். தைப்பூசத்துக்குக் கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் அடித்த உறுமி அது. மெட்ரோவில் போய் வாசிக்கலாம் என்றால், 1997 முதல் அதற்கும் ஒரு தேர்வுக்குழு இருக்கிறது. வாசித்துக் காட்டித் தேறியவர்களுக்கே அட்டை. ஆடுற சாமிக்கு முன்னால் அடித்த கைக்கு அங்கே போய்ப் பரீட்சை எழுத மனசு வரவில்லை.

மிஞ்சியது ஜூன் 21, அக்கா ரேடியோவில் கேட்ட அந்தத் தெருப்பாட்டு நாள். ஆண்டிலேயே நீண்ட பகல். 1982-ல் கலாசார அமைச்சராக இருந்த ஜாக் லாங்கும், அவருடைய இலாகாவில் இசைப்பிரிவைப் பார்த்துக்கொண்ட மொரீஸ் ஃப்ளூரேயும் தொடங்கிவைத்தது. நாட்டில் ஐம்பது லட்சம் பேர், இளசுகளில் இருவருக்கு ஒருவர், ஏதோ ஒரு வாத்தியம் வாசிக்கிறார்கள் என்று அப்போது ஓர் ஆய்வு சொன்னது. சரி, அத்தனை பேரும் எங்கே ஒளிந்திருக்கிறார்கள், தெருவுக்கு வரட்டுமே என்பதுதான் யோசனை. தேர்ந்தவனும் வரலாம், தேறாதவனும் வரலாம். காசு மட்டும் வாங்கக் கூடாது. இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் இந்த நாள் உண்டு.

'இசை விழா' என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லை வாயால் சொன்னால் 'இசை செய்யுங்கள்' என்றும் காதில் விழுமாம். அந்தச் சிலேடையில் அவர்களுக்குப் பெருமை. கடுதாசிக்காரர் அசரவில்லை. நமக்கு 'இசை' என்ற ஒரே சொல் போதும்: பாட்டும் அதுதான், வாசி என்ற கட்டளையும் அதுதான், ஒத்துக்கொள் என்பதும் அதுதான். கடைசிப் பொருளைக் கீழ்வீட்டு அம்மாளுக்கு விளக்கப் பிரெஞ்சு போதவில்லை என்பது மட்டுமே அவர் வருத்தம்.

ஆக, அன்று சாயங்காலம் கைலியைப் பிரித்து, உறுமியைத் தோளில் மாட்டிக்கொண்டு லா ஷப்பெல் பக்கம் போனார். மளிகையும் புடவைக்கடையும் இடியப்பமுமாக யாழ்ப்பாணத் தமிழர் கடை வைத்திருக்கும் வட்டாரம். இடப்புறம் மூன்று கிதார் பையன்கள். வலப்புறம் ஒரு தாத்தா அக்கார்டியனோடு. நடுவில் இவர். வளைந்த குச்சியை இடப்பக்கத் தோலில் வைத்துத் தேய்த்தார்.

உறுமி மேளம் என்பது ஒரே நிறப் பனியன் போட்ட ஒரு படை. தவிலும் பம்பையும் ஜால்ராவும் சூழ வந்தால்தான் அந்த உறுமலுக்கு அர்த்தம். தனியாகத் தேய்த்தால் கன்றைத் தொலைத்த மாடு. கிதார் பையன்களில் ஒருவன் வாசிப்பை நிறுத்திவிட்டு, வாத்தியம் பழுதா என்று அக்கறையாக விசாரித்தான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது அடுத்து வந்தது. எதிர் மளிகைக்கடைப் பெரியவர் கல்லாவை விட்டு எழுந்து வந்து, தணிந்த குரலில் கேட்டார்: "என்ன தம்பி, ஆற்றை செத்தவீடு?"

இது கல்யாணத்துக்கும் காவடிக்கும் அடிப்பது என்று இவர் விளக்க, பெரியவர் பரிவாகத் தலையாட்டிவிட்டு, "ஆகஸ்ட் கடைசியிலை எங்கடை பிள்ளையாற்றை தேர் வரும், வந்து பாரும். அங்கை நல்ல தவில் கேக்கலாம்" என்றாராம். மாணிக்க விநாயகர் கோயில் தேரை இவருக்கும் தெரியும். நடுத்தெருவில் மலையாகத் தேங்காய் உடைத்து, வெள்ளைக்காரர்கள் படம் பிடிக்கிற தேர். அந்த 'நல்ல' என்ற சொல்தான் குத்தியது. தோட்டத்துக் கொட்டு, தமிழன் தெருவிலேயே தமிழனுக்குப் புரியவில்லை என்று கடுதாசியில் அரைப்பக்கம் பொருமியிருக்கிறார். பிறகு அதை அடித்துவிட்டு, தோட்டத்தில் இப்போது யார் இருக்கிறார்கள், லயத்து இடத்திலும் செம்பனைதானா என்று கேட்டிருக்கிறார். கேள்வி அடித்த வரிகளுக்கு மேலேயே எழுதப்பட்டிருந்தது.

பதினொன்றரைக்கு வீடு திரும்பினார். மறுநாள் காலை ஐந்துக்கு வேலை. கண்ணை மூடினால் சன்னலுக்குக் கீழே பெண்கள் குழு ஒன்று உச்ச குரலில் பாடுகிறது. எட்டிப் பார்த்தார். முன்வரிசையில் வாயை முழுசாகத் திறந்து நின்றவர் கீழ்வீட்டு அம்மாள். மணி பன்னிரண்டு. அன்றைக்கு யாரும் யாரையும் கேட்க முடியாது. இருந்தாலும் மனசு ஆறாமல், துடைப்பத்தைத் தேடி எடுத்துத் தரையில் இரண்டு குத்துக் குத்தினார். கீழே வீட்டில் ஆளே இல்லை.

கடுதாசியின் கடைசியில் இரண்டு விண்ணப்பம்: புந்தோங் கச்சாங் பூத்தே நொறுக்குத்தீனி ஒரு கிலோ (காரம் தனியாக), உறுமிக்கு ஒரு புதுத் தோல். நாலு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பியபோது பாரிசில் மணி பத்து அடிக்க ஐந்து நிமிடம்.

உடனே அக்காவிடமிருந்து குரல்பதிவு வந்தது. பின்னால் சேவல் கூவுகிறது, யாரோ மோட்டாரை உதைக்கிறார்கள். "தோல் அனுப்பறேன். தண்ணிப் பந்தலாவது இருந்துச்சா? சாப்பாடு போட்டாங்களா இல்லையா, அதைச் சொல்லலியேடா!"

கீழேயிருந்து மூன்று குத்து விழுந்தது.