பதினோரு மாத விடுமுறை

அக்டோபர் பிறந்துவிட்டால் நம் ஊருக்கு மார்பகம் ஞாபகம் வந்துவிடுகிறது. கட்டடங்களுக்கு ரோஸ் கலர் விளக்கு, கடற்கரைச் சாலையில் விடியற்கால ஓட்டம், ஓடியவர்களுக்கு ரோஸ் கலர் டி-ஷர்ட், கொடியசைத்தவருக்குப் பத்திரிகையில் படம். நவம்பர் முதல் தேதி விளக்கைக் கழற்றிவிட்டு அடுத்த மாதத்துக்கான நோயைத் தேடிக் கிளம்பிவிடுகிறோம்.

இந்த மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுத் திருவிழாவுக்குத் தலபுராணம் உண்டு. 1985-இல் அமெரிக்காவில் இதைத் தொடங்கியபோது அங்குள்ள புற்றுநோய்ச் சங்கத்தோடு கைகோத்தது ஐ.சி.ஐ. கம்பெனியின் மருந்துப் பிரிவு. மார்பகப் புற்றுக்கான டமாக்சிஃபென் மாத்திரையை விற்றதும் அதே கம்பெனிதான். அதன் அடையாளமான ரோஸ் கலர் ரிப்பன் கதை இன்னும் விசேஷம். 1990-களின் தொடக்கத்தில் சார்லட் ஹேலி என்ற பெண்மணி பீச் பழ நிறத்தில் ரிப்பன் செய்து, புற்றுநோய்த் தடுப்புக்கு அரசு ஒதுக்கும் பணம் போதாது என்று எழுதிய அட்டையோடு ஊருக்கெல்லாம் கொடுத்தார். ஒரு பத்திரிகையும் அழகுசாதனக் கம்பெனியும் அந்த ரிப்பனைக் கேட்டு வந்தன. வியாபாரத்துக்குத் தர மாட்டேன் என்றார் அவர். வியாபாரம் இதற்கெல்லாம் சோர்ந்துவிடுமா? நிறத்தை மாற்றிக்கொண்டு நடையைக் கட்டியது. 2010-இல் கே.எஃப்.சி. ரோஸ் கலர் வாளியில் பொரித்த கோழி விற்று இதே நோய்க்கு நிதி திரட்டியது. நாம் மட்டும் சளைத்தவர்களா? 2024-இல் டெல்லி மெட்ரோவில் ஒரு விளம்பரம், பெண்களே, உங்கள் ஆரஞ்சுகளைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்றது. கண்டனம் கிளம்பிய பிறகுதான் கழற்றினார்கள்.

சரி, ஒருத்திக்கு நோயைக் கண்டுபிடித்தாயிற்று. மார்பை எடுத்தாயிற்று, கீமோ ஏற்றியாயிற்று, கரண்ட் வைத்தாயிற்று. அவள் சாகவில்லை. நமக்குச் சங்கடம் இங்கேதான். படுத்திருந்தால் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்கப் போகலாம், செத்திருந்தால் மாலையோடு போகலாம். பிழைத்து வந்து நிற்பவளை என்ன செய்வது? மேடையேற்றிவிடுவோம். போராளி என்போம், சிங்கப்பெண் என்போம், பொன்னாடை போர்த்தி, வீங்கிப்போன அந்தக் கையிலேயே ஒரு கனத்த கேடயத்தைத் திணித்துப் படம் எடுத்துக்கொள்வோம்.

கை ஏன் வீங்கியிருக்கிறது என்று கேடயம் தந்தவர் கேட்பதில்லை. அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்துவிட்டால் நீர் வடிய வழியில்லாமல் கையில் தேங்கலாம். ஆபரேஷன் முடிந்து பல வருஷம் கழித்தும் வரும். வந்தால் முழுதாகப் போகாது. கையை இறுக்கிப் பிடிக்கும் எலாஸ்டிக் உறையும் பயிற்சியும் இருந்தால் கட்டுக்குள் வைக்கலாம். உறையோ சில மாதத்தில் தொய்ந்துவிடும், வேறு வாங்க வேண்டும். "அந்தக் கையால வெயிட் தூக்காதீங்கம்மா" என்று சொல்லி அனுப்புகிறார்கள். யாரிடம்? குடம் தூக்குபவளிடம், துணி அடித்துத் துவைப்பவளிடம், செங்கல் சுமக்கும் சித்தாளிடம். அறிவுரை இலவசம், உறைக்குத்தான் காசு.

முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அது இல்லாவிட்டால் பல பெண்கள் இன்று இல்லை, கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் காப்பீட்டுத் திட்டங்களுக்கெல்லாம் கண் ஆஸ்பத்திரிக் கட்டில்மேல்தான். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்ட விதிப்படி வீடு திரும்பிய பின் செலவு 15 நாள் வரைக்கும் கிடைக்கும். ஹார்மோன் மாத்திரையோ 5 வருஷம், சிலருக்கு 10 வருஷம். மூட்டு வலி, எலும்புத் தேய்வு, நடு ராத்திரியில் உடம்பெல்லாம் எழும் அனல், கீமோவால் 35 வயதிலேயே நின்றுபோன தீட்டு, எல்லாம் 16-ஆம் நாள் காலை விதிக்குக் கட்டுப்பட்டு ஓடிவிட வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. மார்பிழப்பும் இந்தக் கை வீக்கமும் அதில் தனி வகையாக இல்லை.

ஆகவே அவள் தன் ஏற்பாட்டைத் தானே செய்துகொள்கிறாள். பழைய துணியைச் சுருட்டி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்கிறாள். பஸ்ஸில் அது நகர்ந்தால் முந்தானையை இழுத்து மூடிக்கொள்கிறாள். வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர்; ஒட்டாத நோய் என்று டாக்டர் சொன்னது மாமியார் காதில் ஏறவில்லை. மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும் அம்மாவுக்கு நடந்தது கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகிவிடுகிறது. புருஷன் அடுத்த அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டதை அவள் யாரிடம் சொல்வாள்? சொன்னாலும் நம்மிடம் ஒரே மருந்துதான்: "பாசிட்டிவா இருங்கம்மா."

நிதி தரும் கனவான்களே, ஆணை போடும் அதிகாரிகளே, விளக்குச் செலவை ஒரே ஒரு வருஷம் நிறுத்திப் பாருங்கள். ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் ஒரு அறை ஒதுக்குங்கள். வீங்கிய கைக்குப் பயிற்சி தரத் தெரிந்த ஒரு பிசியோதெரபிஸ்ட், தொய்ந்தால் மாற்றித் தர உறை, துணிச் சுருளுக்குப் பதில் சிலிகோன் மார்பு, கதவைச் சாத்திக்கொண்டு பேச்சைக் கேட்க ஒரு மனநல ஆலோசகர், இவ்வளவுதான் அந்த அறைக்கு வேண்டும். திறப்பு விழாவுக்கு நீங்களே வாருங்கள். ரிப்பன் வெட்டிக்கொள்ளுங்கள், எந்த நிறமானாலும் எங்களுக்குச் சம்மதம்.