ஐந்தெழுத்து நிரலும் கனிச்சீர்ச் சிக்கலும்

பாயிரம்

பாயிரம் இல்லாதது நூலன்று என்பது தமிழ் மரபாதலானும், ஆராயப்படும் பொருள் சிறுக்கச் சிறுக்கப் பாயிரம் பெருக வேண்டும் என்பது ஆய்வேட்டு மரபாதலானும், பொருள் இன்னதென்று முதற்கண் சுட்டப்படுகிறது. 0, 1 என்னும் இரண்டே குறிகளால் ஆன எண்களின் கோவையொன்றைக் கணினி வழியே உண்டாக்குவதற்கு எத்துணைக் குறுகிய நிரல் போதும் என்பதே அப்பொருள். நிரலாவது கணினிக்கு இடும் கட்டளைத் தொடர். அதனை இயன்றவரை குறைந்த எழுத்துகளில் எழுதிக் காட்டுவது நிரலாளரிடையே வழங்கும் ஒரு விளையாட்டு. குறைந்த அடிகளில் பந்தைக் குழியில் சேர்ப்பவரே வெல்லும் கோல்ஃப் ஆட்டத்தை ஒட்டி அதனைக் கோடு கோல்ஃப் என்பர். இது வேலையற்றோர் வேலை என்று இகழ்வாரும் உளர். சில எழுத்தில் பல பொருள் அடங்குவதே சூத்திரம் என்று நன்னூலார் கொண்டதையும், அரை மாத்திரை மிச்சப்பட்டால் பிள்ளை பிறந்தாற்போல் களிப்பர் என்று வடமொழி இலக்கணிகளைப் பற்றி வழங்கிவரும் பேச்சையும் அவர்கள் எண்ணிப் பார்த்தாரல்லர்.

தலைப்பைக் கண்டு சைவ அன்பர்கள் இக்கட்டுரையை வாங்கியிருப்பின், அவர்களுக்கு உரிய எழுத்துகள் வேறு என்பது இங்கேயே அறிவிக்கப்படுகிறது.

பெயரியல்

இங்கு எடுத்துக்கொள்ளப்படும் கோவை கிரே குறியீடு எனப்படுவது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிராங்க் கிரே 1947-இல் விண்ணப்பித்து 1953-இல் பெற்ற காப்புரிமையில் இது விளக்கப்பட்டுள்ளது. அவர் இதற்குத் தம் பெயரை இட்டாரல்லர். பிரதிபலித்த இருமக் குறியீடு என்னும் பொருள்படவே வழங்கினார். அவர் பெயர் பின்னர் பிறரால் ஒட்டப்பட்டது. கிரே என்பது நிறமன்று, ஆள். இதை உணராது சாம்பல்நிறக் குறியீடு என்று மொழிபெயர்க்கப் புகுவோர், அடுத்த படியாக வெண்குறியீடு, கருங்குறியீடு ஆகியவற்றைத் தேடி அலைய நேரும். ஆய்வு நிதி இருக்கும்வரை அவை கிடைக்கவும் கூடும்.

இக்குறியீட்டின் பயன் எளிது. வழக்கமான இரும எண்களில் மூன்று என்பது 011, நான்கு என்பது 100. மூன்றிலிருந்து நான்குக்குப் போகையில் மூன்று இலக்கங்களும் ஒருசேர மாற வேண்டும். சுழலும் தண்டொன்றின் நிலையை மின்தொடுப்புகளால் அறியும் கருவியில் மூன்றும் ஒரே கணத்தில் மாறுவதில்லை. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். இடைப்பட்ட நொடித்துகளில் கருவி ஏழு என்றோ பூச்சியம் என்றோ பிதற்றும். கிரே குறியீட்டில் அடுத்தடுத்த எண்களுக்கிடையே ஓர் இலக்கம் மட்டுமே மாறுவதால் இந்தப் பிதற்றல் இல்லை. மூன்றிலக்கக் கோவை 000, 001, 011, 010, 110, 111, 101, 100 என்று அமையும். முதல் நான்கின் வலப்புற இரண்டிலக்கங்களைக் கண்ணாடியில் காட்டினாற்போல் தலைகீழாகத் திருப்பி, முன்னே 1 சேர்த்தால் பின் நான்கும் கிடைத்துவிடும். பிரதிபலித்த என்னும் அடைமொழி இதனால் வந்தது.

எழுத்தியல்

எட்டு எண்களை மனப்பாடமாகத் தட்டச்சிடுவது நிரலாகாது. ஆகவே விதி வேண்டும். விதி இது:

எ^எ/2

எ என்பது 0 முதல் 7 வரை முறையே ஏறும் எண். இரும எண்ணைப் பாதியாக்கினால் அதன் இலக்கங்கள் எல்லாம் ஓரிடம் வலப்புறம் நகரும். ^ என்னும் குறி இரண்டு எண்களை இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டு, ஒத்தால் 0 என்றும் வேறுபட்டால் 1 என்றும் விடை தரும். ஆகவே ஒவ்வோர் இலக்கமும் தன் இடப்பக்கத்து அயலானோடு ஒப்பிடப்படுகிறது. அயலாரோடு ஒத்துப்போவோர் பூச்சியமாகிறார்கள். விடை 0, 1, 3, 2, 6, 7, 5, 4 என்று வரும். இருமத்தில் எழுதினால் மேற்காட்டிய கோவையே.

ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இது ஐந்தெழுத்தில் முடியும், பாதியாக்குகையில் தோன்றும் பின்னத்தை ^ குறி உதிர்த்துவிடுமாதலால். பைத்தான் மொழியின் இரண்டாம் பதிப்பிலும் ஐந்தே, எகரத்தின் இடத்தில் ஆங்கில எழுத்தை இட்டால். 2008-இல் வந்த பைத்தான் 3 பின்னத்தை உதிர்க்க மறுத்து இரட்டைச் சாய்கோடு கேட்பதால் அங்கே ஆறு. ஓரெழுத்து போயிற்று. இந்த இழப்பைக் குறித்து இதுவரை இரங்கற்பா எதுவும் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. அந்த ஆறெழுத்தைச் சுற்றி, இன்ன எண்ணிலிருந்து இன்ன எண்வரை போய் ஒவ்வொன்றையும் அச்சிடு என்று சொல்லும் சடங்குக்கு மேலும் இருபத்தைந்து எழுத்துகள் ஆகின்றன. முகூர்த்தம் அரை நாழிகை, பந்தி மூன்று நாள் என்பது இங்கும் பொருந்தும்.

இனி எழுத்து எனப்படுவது யாது என்னும் வினா எழுகிறது. போட்டிகளில் நீளத்தைப் பெரும்பாலும் பைட்டால் அளப்பர். பைட் என்பது எட்டு பிட் (இரும இலக்கம்) கொண்ட நினைவக அலகு. யுடிஎஃப்-8 என்னும் முறைப்படி ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ் எழுத்துக் குறிக்கு மூன்று பைட். ஆகவே எ^எ/2 என்பது ஐந்தெழுத்தாயினும் ஒன்பது பைட். ஆங்கில எழுத்தில் எழுதியவன் ஐந்தோடு வீட்டுக்குப் போய்விடுவான். இதனைக் காட்டிலும் வியப்புடையது மாத்திரைக் கணக்கு. க என்னும் உயிர்மெய் ஒரு மாத்திரை, மூன்று பைட். க் என்னும் மெய் அரை மாத்திரையே. ஆனால் யூனிகோட் அதனைக் ககரமும் புள்ளியுமாகப் பிரித்து எழுதுவதால் ஆறு பைட். ஒலி பாதியாகையில் எடை இருமடங்காகும் இவ்விந்தையைத் தொல்காப்பியர் கண்டிலர். (காண்க: இக்கட்டுரை, இதே பத்தி.)

அற்றேல், அரை மாத்திரையும் மூன்று பைட்டும் ஒருங்கே உடைய எழுத்து உண்டோ எனின், உண்டு. அது ஆய்தம் என்க. எ நின்ற இடத்தில் மாறியின் பெயராக ஆய்தத்தை ஜாவாஸ்கிரிப்டும் பைத்தான் 3-உம் முணுமுணுக்காமல் ஏற்கின்றன. எனவே ஃ^ஃ/2 என்பதே மாத்திரை அளவில் மிகச் சுருங்கிய நிரல். குறிகளையும் எண்ணையும் ஒலியற்றவை என்று தள்ளினால், ஒரு முறை கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்லி முடிக்கலாம். ஆயினும் குற்றெழுத்துக்குப் பின்னும் வல்லின உயிர்மெய்க்கு முன்னுமே ஆய்தம் வருமாதலின், இந்நிரல் கணினிக்குச் சரி, தமிழாசிரியருக்குப் பிழை. மதிப்பெண் குறையும்.

வகையியல்

குறுநிரலாளர் நால்வகையர். இடைவெளியை ஒழிப்போர். மொழியை மாற்றுவோர். கோல்ஃப்ஸ்கிரிப்ட் போலச் சுருக்குவதற்கென்றே மொழி படைப்போர். வெற்றுத் தாளே விடையாகும்படி தாமே ஒரு மொழியைப் படைத்துக்கொண்டு, பூச்சியம் பைட் என்று கோப்பையைக் கேட்போர். நான்காம் வகையினரைப் போட்டிகளில் சேர்ப்பதில்லை. அவர்களுக்கு வேறு துறைகளில் பதவிகள் உள்ளன.

சீரியல்

ஈண்டு ஆய்வின் உயிர்நிலை தொடங்குகிறது. தமிழ் யாப்பில் அசை இரண்டே: தனியெழுத்தாலாகும் நேர், குறில் முதலாக ஈரெழுத்து இணைந்தாலாகும் நிரை, ஒற்று அடுத்தாலும் கணக்கு மாறாது. இரண்டே என்றவுடன் நேரை 0 என்றும் நிரையை 1 என்றும் கொள்ளக் கை துறுதுறுக்கும். கொள்க. ஈரசைச் சீர் நான்கு, மூவசைச் சீர் எட்டு, நாலசைச் சீர் பதினாறு என்பது இருமக் கணக்கே.

பள்ளியில் ஓதும் வரிசையை நினைவுகூர்க. நேர்நேர் தேமா, நிரைநேர் புளிமா, நிரைநிரை கருவிளம், நேர்நிரை கூவிளம். முதலசையைச் சிறிய இலக்கமாகக் கொண்டு எண்ணினால் இவை 0, 1, 3, 2. அதாவது ஐந்தெழுத்து நிரலின் முதல் நான்கு விடைகள், முறை பிறழாமல். தேமாவிலிருந்து புளிமாவுக்கு ஓரசை மாறுகிறது, புளிமாவிலிருந்து கருவிளத்துக்கு ஓரசை, கருவிளத்திலிருந்து கூவிளத்துக்கு ஓரசை. கூவிளத்திலிருந்து மீண்டும் தேமாவுக்கு வந்தாலும் ஓரசையே. தமிழாசிரியரின் பிரம்புக்கு அஞ்சி இதனை ஒப்பித்த ஒவ்வொரு மாணவனும் கிரே குறியீட்டை ஒப்பித்தவனே ஆவான்.

இவ்விடத்தில் ஒரு சாரார் எழுந்து, கிரே நம் யாப்பைக் களவாடினார் என்று நூல் எழுதத் தொடங்குவர் (அந்நூல், எழுதப்படாத இரண்டாம் பதிப்பு, கிழிந்த பக்கம்). அவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. நான்கு சீர்களை 24 வகையாக வரிசைப்படுத்தலாம். அவற்றுள் படிக்கு ஓரசை மட்டும் மாறும் வரிசைகள் 8. ஆகவே குருட்டாம்போக்கில் அடுக்கினாலும் மூன்றில் ஒரு முறை கிரே குறியீடு அகப்படும். இத்தகைய கணக்கை நூலின் கடைசியில் மிகச் சிறிய எழுத்தில் அச்சிடுவதே துறை வழக்கம். இங்கே தவறுதலாக நடுவில் வந்துவிட்டது.

களவாட்டக் கட்சியை வீழ்த்துவது மூவசைச் சீர். நேரில் முடிவது காய், நிரையில் முடிவது கனி. தேமாங்காய், புளிமாங்காய், கருவிளங்காய், கூவிளங்காய் என்று காய்கள் ஒழுங்காக வருகின்றன. அடுத்துப் பாடநூல் தேமாங்கனி என்கிறது. கூவிளங்காய் நேர்நிரைநேர், தேமாங்கனி நேர்நேர்நிரை. இரண்டசைகள் ஒருங்கே மாறுகின்றன. நிரலோ இவ்விடத்தில் 6 என்று விடை தருகிறது. 6 என்பது நேர்நிரைநிரை, அதாவது கூவிளங்கனி. அதன்பின் 7, 5, 4 என்று கருவிளங்கனி, புளிமாங்கனி, தேமாங்கனி வந்து கோவை முடிய வேண்டும். கண்ணாடியில் காட்டினாற்போல் கனிகள் திரும்பி வரவேண்டியிருக்க, மரபோ அவற்றைத் திருப்பாமல் காய்களின் பின்னே நிறுத்திவிட்டது.

இதற்கு அமைதி கூறுவோர் மூவகையர். காய் கனியாவதற்குக் காலம் ஆகுமாதலின் அவ்விடத்தில் இரண்டு மாற்றம் நிகழ்வதே இயற்கை என்பர் தாவரவியல் சார்ந்தோர். மூவசைச் சீர்களை இரு பகுதிகளாகக் கொண்டு அவ்விடத்தில் கோடிட்டுப் பிரிப்பர் சமரசவாதியர். மூன்றாம் சாரார், ஆதி வரிசையில் கனிகள் திரும்பியே நின்றன என்றும், ஏடு பெயர்த்தெழுதியோன் ஓலையைத் தலைகீழாகப் பிடித்தான் என்றும் கூறித் தம் கூற்றுக்குச் சான்று காட்டுவர் (கறையான் அரித்த சுவடியொன்றில் ஓலை எஞ்சிய இடத்தை 1 என்றும் ஓட்டையை 0 என்றும் படித்து, அவ்வோட்டைகளின் வடிவத்திலிருந்து ஊகித்துணர்ந்த உரையின் மேற்கோளுள் மேற்கோள், சுவடி அதன்பின் முழுவதும் 0 ஆகிவிட்டமையின் சரிபார்க்க இயலாது). கறையானை இக்கோவையின் முதல் குறுநிரலாளராகக் கொள்ளலாமா என்பது தனி ஆய்வுக்குரியது. பதிவுக் கட்டணம் கட்டியாயிற்று.

ஒழிபியல்

^ என்னும் குறி எக்செலில் படியேற்றத்தைக் குறிக்கும். அங்கே இந்நிரலை இடுவோர் வேறொரு கோவையைப் பெற்று வேறொரு கட்டுரை எழுதுவர்.

இவ்வாய்வின் முடிபாகப் பாடநூல் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம் உண்டு: அடுத்த பதிப்பில் கனிச்சீர்கள் நான்கையும் கூவிளங்கனி முதலாகத் திருப்பி அச்சிட வேண்டும், செலவு ஏதுமில்லை, எழுத்தும் மிகாது. அதுவரை தேர்வெழுதும் மாணவர்கள் தேமாங்கனியையே முதலில் எழுதுக.