எட்டுக் கொம்பு மோடம்

வாங்கு மாப்ளே, கண்ணை மூடிக்கிட்டு வாங்கு. மாமன் என்னைக்காவது உன்னைத் தடுத்திருக்கேனா? போன வருசம் மஞ்சள் வித்த காசுல 55 இஞ்ச் டிவி கொண்டாந்தே. செவுரு பத்தலைன்னு சாமி படத்தையெல்லாம் கழட்டி உள் ரூமுக்கு அனுப்புனே. அப்பவும் நான் வாயைத் தொறக்கலை. இப்ப அந்த டிவியில கடைசி ஓவர் ஓடறப்ப, பந்து போடறவன் கை அந்தரத்துல நின்னுபோவுது, நடுவுல ஒரு வட்டம் சுத்துது. எங்க காலத்துல செக்கு சுத்துச்சு, எண்ணெயாவது வந்துச்சு. இது சுத்தச் சுத்த உங்கம்மா வாயில இருந்து வசவுதான் வருது.

அதுக்கு மருந்துன்னு நேத்து செல்போன்ல ஒரு வைஃபை மோடம் காமிச்சியே, கன்னங்கரேல்னு, எட்டுக் கொம்பு வச்சுக்கிட்டு, மல்லாந்து விழுந்த சிலந்தி மாதிரி. 12,000 ரூவான்னே. போச்சம்பள்ளிக்கு ஞாயித்துக்கிழமை மாடு புடிக்கப் போறவன் பல்லைப் பாப்பான், சுழியைப் பாப்பான், மடியைத் தடவிப் பாப்பான். கொம்பை எண்ணி மாடு வாங்குறவனை இன்னிக்குத்தான் பாக்குறேன். அதுவும் சொந்தத் தங்கச்சி மவன்! பெருமையா இருக்குது சாமி.

பொட்டி மேல ‘ஏஎக்ஸ் 3000’னு போட்டிருக்குது, 3,000 ஸ்பீடு மாமான்னு குதிச்சே. அந்தக் கணக்கு எப்படி வந்ததுன்னு கடைக்காரன் சொன்னானா? அதுக்குள்ள ரெண்டு அலைவரிசை இருக்குது. ஒண்ணு 2.4 கிகாஹெர்ட்ஸ், அதுல 574. இன்னொண்ணு 5 கிகாஹெர்ட்ஸ், அதுல 2,402. கூட்டிப் பாரு, 2,976. கொசுறு போட்டு 3,000. ரெண்டு எருமை கறக்குற பாலைக் கூட்டி ஒரே எருமை கழுத்துல சீட்டு எழுதித் தொங்கவிட்டா எப்படியோ அப்படி. உன் டிவி ஒரு நேரத்துக்கு ஒரு மடியிலதான் வாய் வைக்கும். அந்த 2,402ங்கூட நடுவுல செவுரு இல்லாம, பக்கத்துல இன்னொரு பொட்டி இல்லாம, எல்லாம் கூடி வந்தாக் கெடைக்கிற ஏட்டுக் கணக்கு.

அது கெடக்கட்டும். கேபிள்காரர்கிட்ட என்ன பிளான் போட்டிருக்கே? 50 எம்பிபிஎஸ். கெணத்துல ஊறுறது 50 கொடம். 3,000 கொடம் எறைக்கிற மோட்டாரை இறக்கறேங்கறே. இறக்கு. காத்து நல்லா வரும்.

சரி, 50 பத்தலையோன்னு நெனச்சுப் பாத்தேன். நெட்ஃபிளிக்ஸ்காரனே 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் போதும், 1080க்கு 5 போதும்ங்கறான். உன் டிவிக்கு 15 வை. உங்கம்மா சீரியலுக்கு 5, உன் பொண்டாட்டி செல்போனுக்கு 5, பையன் கேம் ஆடறான், அவனுக்கும் ஒரு 5. ஆச்சு 30. இன்னும் 20 மிச்சம், அதுல நான் கை நனைச்சுக்கலாம். ஆவ, தண்ணி இருக்குது. வாய்க்கால்லதான் கோளாறு.

வாணியாறு அணை 65 அடிக்கு ரொம்பி வழிஞ்சாலும் கடைமடைக்காரன் கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதறதை நீ பாத்ததில்லை? அணையில தண்ணி இல்லாமலா எழுதறான்? மதகுல இருந்து அவன் வயலுக்கு வர்றதுக்குள்ள நடுவுல குடிச்சிடறாங்க. உன் ஊட்டுக் கதையும் அதேதான். கேபிள்காரப் பையன் அவனுக்கு எங்க ஓட்டை போட வாட்டமா இருந்ததோ அங்க போட்டான். உள் ரூம்ல, இரும்பு பீரோவுக்கு மேல, நீ நாடு கடத்துன சாமி படத்துக்குப் பின்னால மோடம் உக்காந்திருக்குது. அங்கிருந்து அலை கெளம்பி பீரோ இரும்புல முட்டி, ஆளுயரக் கண்ணாடியில முட்டி, உங்க தாத்தன் கட்டுன ரெண்டடிக் கருங்கல் செவுரைத் தொளைச்சு, பிரிட்ஜைச் சுத்திக்கிட்டு ஹாலுக்கு வர்றப்ப அதுக்கு நாக்குத் தள்ளிப்போவுது. இரும்பு அலையைத் திருப்பி அடிக்கும், தண்ணி குடிச்சிரும், கல்லு பாதியை முழுங்கும். தண்ணித் தொட்டி ஒண்ணுதான் நடுவுல இல்லை, அதையும் வச்சிரு.

உனக்கு எப்படி மாமா இதெல்லாம் தெரியும்னு பாக்குறியா? 1987ல ராமாயணம் ஓடுன ஞாயித்துக்கிழமையெல்லாம் ஓட்டு மேல ஏறி ஆன்டெனாவைத் திருப்புனவன்டா நான். சேர்வராயன் மலை நமக்குக் குறுக்க நிக்குது. ரெண்டு வெரக்கடை இப்படித் திருப்புனா ராமர், ஒரு வெரக்கடை அப்படித் திருப்புனா பூச்சி. கீழ இருந்து உங்க பாட்டி, ‘வந்திருச்சு, வந்திருச்சு, ஐயோ போயிருச்சு’ன்னு கத்தும். அப்புறம் 2006ல கலைஞர் டிவி குடுத்தாரு, 2011ல அந்தம்மா 70 ரூவாய்க்கு அரசு கேபிள் குடுத்துச்சு, நான் ஓட்டை விட்டு எறங்குனேன். இல்லைன்னா இன்னும் மேலதான் இருந்திருப்பேன்.

கொம்பு கதைக்கு வர்றேன். அந்தக் கொம்பை டிவிக்கு நேரா வேலு மாதிரி நீட்டிக் குறி வைக்கலாம்னு நெனச்சிருப்பே. நுனியில இருந்து ஒண்ணும் பீச்சாதுடா. பக்கவாட்டுலதான் பரவும், உளுந்து வடை மாதிரி. கொம்பு அந்த வடை ஓட்டைக்குள்ள நிக்குது. நட்டுக்குத்தலா நிறுத்துனா அதே தளத்துல சுத்திப் பரவும், சாச்சு வச்சா மாடிக்கும் கொஞ்சம் ஏறும். எட்டுக் கொம்புக்கும் உள்ள எட்டு வேலை இருக்குதான்னும் பாக்கணும். சிலதுல நாலு கொம்பு அழகுக்கு.

இன்னொண்ணு சொன்னியே, ‘5ஜி ரூட்டர்’னு. சிரிக்கக் கூடாதுன்னு அப்ப வெத்தலையை வாயில அடக்கிக்கிட்டேன். செல்போன்ல வர்ற 5ஜி அஞ்சாவது தலைமுறை. உன் பொட்டியில 5ஜின்னு வர்றது அந்த 5 கிகாஹெர்ட்ஸ். பேர் ஒத்துமைதான், பங்காளி கூட இல்லை.

அந்த 2.4 இருக்குதே, அது மேய்ச்சல் பொறம்போக்கு. 2005லயே லைசென்ஸ் வேணாம்னு தொறந்துவிட்டாங்க. அதுல எல்லாரு மாடும் மேயுது. பக்கத்து ஊட்டு வைஃபை, உம்மவன் காதுல மாட்டியிருக்கிற புளூடூத்து, உன் மாமியா சீதனமாத் தந்த மைக்ரோவேவ் அடுப்பு, அத்தனையும் அங்கதான். ஒண்ணு, ஆறு, பதினொண்ணுன்னு மூணு சேனல்தான் ஒண்ணை ஒண்ணு இடிக்காம இருக்கும், அதுக்குத்தான் அத்தனை பேரும் அடிச்சிக்கறான். ஆனா அது செவுரைத் தாண்டும். 5 கிகாஹெர்ட்ஸை 2018லதான் தாராளமாத் தொறந்துவிட்டாங்க. புல்லு ஏராளம், கூட்டம் கம்மி, ஆனா கருங்கல் செவுரைக் கண்டா அங்கயே படுத்துக்கும். ஒரே ரூமுக்குள்ள டிவி இருந்தா 5. மாட்டுக் கொட்டாய் வரைக்கும் பாட்டுக் கேக்கணும்னா 2.4. ரெண்டும் இருக்கிற டூயல் பேண்டுப் பொட்டிதான் வேணும். இப்ப பீரோ மேல இருக்கிற மோடத்துலயே ரெண்டும் இருக்குதான்னு முதல்ல பாத்தியா? பாத்திருக்க மாட்டே. பழைய பொட்டியா இருந்தா 2.4 மட்டுந்தான் இருக்கும்.

வைஃபை 7னு ஒண்ணும் வந்திருக்குது, 2024 ஆரம்பத்துல முத்திரை குத்த ஆரம்பிச்சாங்க. அதையும் வாங்கு! உன் டிவிக்குத் தெரிஞ்சது வைஃபை 5. பேசறவனுக்கு ஏழு பாஷை தெரிஞ்சி என்ன, கேக்கறவனுக்குத் தெரிஞ்ச பாஷையிலதான் பேச்சு நடக்கும். வைஃபை 6 போதும். பொங்கலுக்கு ஊரே வந்து உன் ஹால்ல உக்காந்து ஆளுக்கொரு செல்போனை நோண்டறப்ப அது கூட்டத்தைச் சமாளிக்கும், அத்தனை பேருக்கும் ஒரே நடையில பிரிச்சுக் குடுக்கும். பழசு ஒவ்வொருத்தனையா ஏத்தி எறக்கிட்டு வர்ற மொபெட்டு.

நானும் ஏமாந்தவன்தான், மறைக்க மாட்டேன். மாடி ரூமுக்கு எட்டலைன்னு டவுன் கடையில ஒருத்தன் ‘பூஸ்டர்’னு 1,400 ரூவாய்க்குத் தலையில கட்டுனான். சிக்னலே வராத மூலையில சொருகச் சொன்னான், சொருகுனேன். வறண்ட கெணத்துல வாளி விட்ட கதை. பாதி வழியில வச்சிருக்கணும். அப்படி வச்சாலும் அந்த சின்னப் பொட்டி ஒரே வாயாலதான் கேட்டு, அதே வாயாலதான் திருப்பிச் சொல்லணும், வேகம் பாதியாயிரும். இப்ப அது லைட்டு மட்டும் எரியுது. ராத்திரியில படி தெரியறதுக்கு நல்லா இருக்குது.

நீ காசை எங்க போடணும்னு கேட்டா, வயர்ல போடு. லேன் வயர், கேட் 6, மீட்டர் கணக்குல சல்லிசா விக்குது. 100 மீட்டர் வரைக்கும் சோராம ஓடும். மோடத்துல இருந்து டிவி முதுகுல இருக்கிற ஓட்டைக்குச் சொருகிட்டா செவுரும் இல்லை, மைக்ரோவேவும் இல்லை, பங்காளிச் சண்டையும் இல்லை. டிவி ஓட்டை பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான் விடும், 15 கேக்குற படத்துக்கு அது ஏரி. அசிங்கமா இருக்குமேன்னு உன் பொண்டாட்டி சொல்லும். சீரியல் நடுவுல வட்டம் சுத்தறப்ப அதுக்கே அழகு தெரியும்.

அப்பவும் புதுசு வாங்கித்தான் தீருவேன்னா 3,000 ரூவாய்க்குள்ள ரெண்டு பேண்டு, வைஃபை 6, பின்னாடி ஓட்டை கிகாபிட்டா இருக்கிறதாப் பாரு. 100 எம்பிபிஎஸ் ஓட்டை இருக்கிறதை வாங்கிட்டு நாளைக்கு 200 பிளான் போட்டேன்னா மீதி நூறைக் கேபிள்காரர் திருப்பித் தரமாட்டாரு. புதுசை மாட்டுன பொறவு பழைய மோடத்துல வைஃபையை அமத்திரு, ரெண்டும் ஒண்ணா கத்துனா ரெண்டும் கேக்காது. கூடவே 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒண்ணு. கரண்டு போயி வந்தாலும் மோடம் செத்துப் பொழைக்காது. ஆன்லைன்ல போடறப்ப ஊர் பேரையும் பின்கோடையும் ரெண்டு தரம் பாரு. போன தரம் உன் பார்சல் பாப்பாரப்பட்டிக்குப் போயி, அங்க சுப்பிரமணிய சிவா மணிமண்டபத்தைச் சேவிச்சுட்டு நம்ம ஊருக்கு வந்துச்சு. பாப்பாரப்பட்டிக்கும் பாப்பிரெட்டிப்பட்டிக்கும் வித்தியாசம் தெரியாத ஊரா இது?

மோடத்தை எங்க வைக்கறதுங்கறே? ஹால்ல, ஆளுயரத்துக்கு மேல, மேக்கால ஜன்னலை ஒட்டி ஒரு ஆணி அடி. பீரோ இல்லை, பிரிட்ஜ் இல்லை, டிவி எதுக்கால. ஜன்னல் கதவை மட்டும் சாத்திராதே, காத்தோட்டம் வேணும், பொட்டி சூடாவும்.

என்ன முறைக்கறே? ஆமாண்டா, அந்த ஜன்னலுக்கு நேரா எங்க ஊட்டு வேப்பமரம் இருக்குது, அதுக்குக் கீழ என் கயித்துக் கட்டில் கெடக்குது. அதுக்கு நான் என்ன பண்ண? இப்ப அங்க ஒரே ஒரு கோடுதான் வருது. சிவாஜி வாயை அசைக்கிறாரு, அரை நிமிசம் கழிச்சு வசனம் வருது. மூணு கோடு வந்தாப் போதும், நாலாவதை நான் கேக்க மாட்டேன். பாஸ்வேர்டை மட்டும் மாத்திராதே மாப்ளே. போன தரம் மாத்துனப்ப உம்மவன் 20 ரூவா வாங்கிக்கிட்டுத்தான் சொன்னான்.